கண் பார்த்தால் கை செய்யுமா?

(எழுதியவர்: பதினொன்றாம் வகுப்பு மாணவி)



கெட்டிக்காரர்களைப் பற்றிப் பேசும்போது “கண் பார்த்தா கை செய்யும்” என்று நம் ஊரில் சொல்வார்கள். ஒரு தடவை பார்த்தாலே போதும், அப்படியே செய்துவிடுவார்கள் என்று அர்த்தம். எனக்கு அந்தச் சொல்லில் பாதிதான் நம்பிக்கை. கண் ஆயிரம் தடவை பார்த்தாலும் பழகாத கை செய்யாது. பழகின கையோ கண் பார்க்காமலே செய்யும். சில சமயம் கண்ணே கையைக் கெடுக்கும்! எப்படி என்கிறீர்களா? அதைத்தான் எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளமான கட்டுரை. மணி அடித்துவிட்டால் மீதியை நாளைக்கு வந்து படியுங்கள், சார்ட் எங்கேயும் ஓடிப்போகாது.

காடாம்புலியூரில் இருந்துகொண்டு கை வேலையைப் பற்றி எழுதுகிறவர்கள் முந்திரிக்கொட்டையை விட்டுவிட்டு எழுத முடியுமா? பண்ருட்டி என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பலாப்பழம்தான் ஞாபகம் வரும். ஆனால் நம் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிவது முந்திரியால்தான். நம் தோப்புக் கொட்டை போதாமல் ஆப்பிரிக்காவிலிருந்தும் கப்பலில் மூட்டை மூட்டையாக வருகிறது. உடைப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். பெரிய கம்பெனிகளில் வெட்டுகிற மெஷின் வந்துவிட்டது. எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் மட்டும் இன்னும் கல்லும் கட்டையும்தான்.

கொட்டையைக் கல்மேல் நிறுத்தி, இடது கை விரலால் பிடித்துக்கொண்டு, வலது கையிலுள்ள கட்டையால் ஒரு போடு. சரியான இடத்தில், சரியான பலத்தில் விழுந்தால் ஓடு இரண்டாகப் பிளந்து பருப்பு முழுசாக வரும். நகக்கண் அளவு தள்ளி விழுந்தாலும் பருப்பு நொறுங்கும், இல்லையென்றால் விரல் நசுங்கும். ஓட்டுக்குள் இருக்கிற எண்ணெய் பட்டால் தோல் உரியும், கறுத்துப் போகும். அதற்காகத்தான் கையில் சாம்பலைத் தடவிக்கொள்வது. (அந்த எண்ணெய் வண்டிகளின் பிரேக் கட்டை செய்யப் பயன்படுகிறதாம். பஸ் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் ஆயாவின் கைதான் ஞாபகம் வரும்!)

முழுப் பருப்புக்கு ஒரு விலை, உடைசலுக்கு ஒரு விலை. முழுப் பருப்பிலும் தரம் உண்டு. ‘டபிள்யூ 320’ என்றால் ஒரு பவுண்டில், அதாவது 454 கிராமில், 300 முதல் 320 பருப்பு நிற்கும். ‘டபிள்யூ 180’ என்றால் 170 முதல் 180 தான், அவ்வளவு பெரிய பருப்பு. பெரிய பருப்பு உடைந்தால் நஷ்டமும் பெரிசு. ஆகவே கை எவ்வளவு அலைகிறது என்பது எங்கள் வீட்டில் பாடப்புத்தகக் கேள்வி இல்லை, சனிக்கிழமை கூலிக் கணக்கு.

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த லீவில் ஆயாவிடம் கொட்டை உடைக்கக் கற்றுக்கொண்டேன். “ஒரு நாளைக்கு ஒரு படிக்கு மேல தொடக்கூடாது, இது உனக்குத் தொழில் இல்ல” என்று அம்மா கண்டிஷன் போட்டுத்தான் விட்டார்கள். கல் எதிரே உட்கார்ந்ததும் ஆயா சொன்ன முதல் பாடம், “கட்டைய பாக்காத பாப்பா, கொட்டைய பாரு.”

சொல்லிவிடலாம்! கட்டையைத் தூக்கினதும் கண் அதன் பின்னாலேயே மேலே போகிறது, கூடவே கீழே வருகிறது. கட்டையைப் பார்த்துப் பார்த்து அடிக்கிற அடி மெதுவாகத்தான் விழும். மெதுவாக அடித்தால் ஓடு பிளக்காது. வேகமாக அடித்தாலோ ஒரு தடவை இடது பக்கம், ஒரு தடவை வலது பக்கம், ஒரு தடவை கல்லின் ஓரம். ஒரே கை, ஒரே கட்டை, அடி மட்டும் ஆளுக்கொரு பக்கம் போகிற மாதிரி. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆயா சிரித்துக்கொண்டே, “அலையட்டும் வுடு. கை எடந் தேடுது” என்றார்.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் பள்ளி திறந்ததும் எங்கள் உயிரியல் ஆசிரியரிடம் போனேன். அவர் கொடுத்த புத்தகத்திலும், அப்பாவின் செல்போனில் தேடியதிலும் கிடைத்ததைச் சொல்கிறேன். கை அலைவதை அமெரிக்காவிலும் ரஷ்யாவிலும் உட்கார்ந்து அளந்திருக்கிறார்கள், தெரியுமா!

அமெரிக்காவில் ராபர்ட் உட்வொர்த் என்பவர் 1899-ல் ஒரு ஆராய்ச்சி செய்தார். ஆளை உட்காரவைத்து, பென்சிலைக் கொடுத்து, ஒரே அளவில் கோடு போடச் சொன்னார். பக்கத்தில் ‘டக், டக்’ என்று தாளம் தட்டும் கருவி. நிமிடத்துக்கு 20 கோடு என்ற நிதான வேகத்திலிருந்து 200 கோடு என்ற அவசர வேகம் வரைக்கும். முதலில் கண்ணைத் திறந்துகொண்டு, பிறகு கண்ணை மூடிக்கொண்டு. என்ன ஆயிற்று? நிதானமாகப் போடும்போது கண் திறந்தவர்களின் கோடு ரொம்பத் துல்லியம். வேகம் கூடக் கூடத் துல்லியம் குறைந்தது. நிமிடத்துக்கு 140 வந்தபோது கண் திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் பிழை ஒன்றுதான்! கண்ணை மூடிக்கொண்டு போட்டவர்களுக்கோ வேகத்தால் பெரிய வித்தியாசமே இல்லை.

காரணம் இதுதான். கை தப்பான பக்கம் போகிறது என்று கண் பார்த்து, மூளைக்குச் சொல்லி, மூளை கையைத் திருத்துவதற்கு ஒரு நேரம் தேவை. ரொம்பக் கொஞ்ச நேரம்தான். ஆனால் கட்டை கீழே விழுகிற நேரமும் கொஞ்சம்தானே! கண் செய்தி அனுப்பி அது வந்து சேர்வதற்குள் ஓடு பிளந்து முடிந்துவிடும். ஆகவே வேகமான அடியில் கண்ணுக்கு நடுவில் வேலை இல்லை. அடிக்கு முன்னால், கொட்டை எங்கே நிற்கிறது, அதன் விளிம்பு எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். அடிக்குப் பின்னால், எங்கே விழுந்தது என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான். “கட்டைய பாக்காத, கொட்டைய பாரு” என்று பள்ளிக்கூடமே போகாத எங்கள் ஆயா சொன்னதும், உட்வொர்த் புத்தகம் போட்டுச் சொன்னதும் ஒன்றுதான் என்று புரிந்த அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை.

நீங்களும் செய்து பாருங்கள். செலவே இல்லை. ஒரு தாளில் 10 சென்டிமீட்டர் கோடு ஒன்று போட்டுக்கொண்டு, அதே அளவில் பத்துக் கோடு மெதுவாக, பத்துக் கோடு வேகமாக. பிறகு கண்ணை மூடிக்கொண்டு அதே மாதிரி. ஸ்கேலை வைத்து அளந்தால் தெரிந்துவிடும். (கணக்கு பீரியடில் செய்து மாட்டிக்கொண்டால் நான் பொறுப்பில்லை!)

இப்போது “கை எடந் தேடுது” என்பதற்கு வருவோம். ரஷ்யாவில் நிக்கோலாய் பெர்ன்ஸ்டைன் என்பவர் 1920-களில் மாஸ்கோவிலுள்ள தொழிலாளர் ஆய்வு நிலையத்தில், சுத்தியால் உளியை அடிக்கிறவர்களைப் படம் எடுத்தார். கையின் மூட்டுகளிலும் சுத்தியிலும் சின்னச் சின்ன விளக்குகளைக் கட்டிவிட்டு எடுத்தாராம். தொழில் தெரிந்த ஆளின் கை ஒவ்வொரு அடிக்கும் ஒரே பாதையில்தான் போகும் என்றுதானே நாம் நினைப்போம்? அப்படி இல்லை! தோள் ஒரு தடவை ஒரு மாதிரி, முழங்கை ஒரு தடவை ஒரு மாதிரி போயிருக்கிறது. ஆனால் சுத்தி விழுகிற இடம் மட்டும் அவ்வளவாக மாறவில்லை. தோள் கொஞ்சம் தள்ளினால் முழங்கை ஈடு கட்டுகிறது, முழங்கை தவறினால் மணிக்கட்டு சரிசெய்கிறது. அதாவது பழகின கையும் அலைகிறது, அடி விழும் இடத்தில் மட்டும் அடங்கிவிடுகிறது.

இதைப் படித்துவிட்டு ஆயாவின் தோளைப் பார்த்தேன். உண்மைதான்! பேசிக்கொண்டே அடிக்கும்போது ஒரு மாதிரி, வெற்றிலை போட்டுக்கொண்டு அடிக்கும்போது ஒரு மாதிரி, ஆட்டை விரட்டிக்கொண்டே அடிக்கும்போது இன்னொரு மாதிரி. கட்டை போய் உட்காருவது மட்டும் அதே இடத்தில். நான்தான் முதல் வாரம் தோளையும் முழங்கையையும் விறைப்பாக வைத்துக்கொண்டு, ஒரே மாதிரி தூக்க வேண்டும் என்று பாடுபட்டேன். இரவெல்லாம் கை வலி.

இன்னொரு ஆராய்ச்சி 2014-ல் வந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மாரிஸ் ஸ்மித் குழுவினர் செய்தது. ஒரு புதிய கை அசைவைச் சொல்லிக்கொடுப்பதற்கு முன்னாலேயே யார் கை எவ்வளவு அலைகிறது என்று அளந்து வைத்துக்கொண்டார்கள். பிறகு பார்த்தால், கற்கவேண்டிய அசைவுக்குச் சம்பந்தப்பட்ட விதத்தில் அதிகம் அலைந்த கைகள்தான் ஆரம்பத்தில் சீக்கிரம் கற்றுக்கொண்டன! பிறகு வந்த எல்லா ஆராய்ச்சியிலும் இதே முடிவு வரவில்லை என்பதால் நான் இதை அடித்துச் சொல்ல மாட்டேன். சும்மா நடுங்குவது வேறு, தேடி அலைவது வேறு. ஆனால் புதிதாகக் கற்கிற பிள்ளையைப் பார்த்து “கை ஒரு இடத்துல நிக்குதா பாரு” என்று திட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

கண்ணுக்கும் கைக்கும் உள்ள உறவைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். பண்ருட்டியில் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போகிற அக்காக்களைக் கேளுங்கள். விசையைப் பார்த்து அடித்தால் அங்கே திட்டு விழும். கண் தாளில் இருக்க வேண்டும், விரல் தானாகத் தேட வேண்டும். உறியடியில் கண்ணைக் கட்டி, நாலு சுற்றுச் சுற்றிவிட்டால் சிலம்பம் ஆடுகிறவர்கள்கூடக் காற்றைத்தான் அடிக்கிறார்கள்! அடிக்கத் தெரியாமலா? அடி சரிதான், பானை எந்தத் திசையில் என்பதுதான் தொலைந்துவிடுகிறது. இந்தச் சார்ட்டில் அழகாக எழுதிக்கொடுக்கிறாளே என் தோழி, அவளைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதச் சொன்னேன். எழுத்து ஒவ்வொன்றும் முத்து மாதிரியே இருந்தது. வரிதான் ஏணி மாதிரி மேலே ஏறிவிட்டது. எழுத்தைக் கை அறியும், வரியைக் கண்தான் பிடித்துவைத்திருக்கிறது.

எல்லாக் கையும் இப்படித் தனியாக அறிந்துகொள்ளும் என்றும் சொல்ல முடியாது. கனடாவில் லுக் புரோட்டோ என்பவரும் கூட இருந்தவர்களும் 1987-ல் பார்த்தது இது. குறியை நோக்கிக் கையைக் கொண்டுபோகும் வேலையில் சிலருக்கு 200 தடவை பயிற்சி, சிலருக்கு 2000 தடவை. எல்லாம் கண்ணால் பார்த்துக்கொண்டே. பிறகு பார்வையை மறைத்தார்கள். யார் அதிகம் தடுமாறினார்கள் என்று நினைக்கிறீர்கள்? 2000 தடவை செய்தவர்கள்! பார்த்துக்கொண்டே பழகினால் பழக்கம் கண்ணோடு சேர்ந்தே ஒட்டிக்கொள்கிறது போலிருக்கிறது.

அப்படியானால் எங்கள் ஆயா கரண்ட் போனாலும் நிறுத்தாமல் உடைத்தது எப்படி? நான் கேட்டேன். சின்ன வயசில் விடியற்காலை இருட்டில் சிம்னி விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டதாம். 2011-ல் தானே புயல் அடித்து மரமெல்லாம் சாய்ந்து, நாள்கணக்கில் கரண்ட் இல்லாத சமயத்திலும் அப்படித்தான் உடைத்ததாக அம்மா சொல்வார்கள். ஆயாவின் கை பாதி வெளிச்சத்தில் வளர்ந்த கை. இடது கை விரல் கொட்டையின் விளிம்பைத் தடவிச் சொல்லும், வலது கை அதைக் கேட்டு அடிக்கும். இதற்கு நேர் எதிர் கதையும் ஒன்று உண்டு. இங்கிலாந்தைச் சேர்ந்த இயன் வாட்டர்மேன் என்பவருக்கு 1971-ல், 19 வயதில், ஒரு காய்ச்சலுக்குப் பிறகு கழுத்துக்குக் கீழே தொடு உணர்ச்சியும், கை கால் எங்கே இருக்கிறது என்ற உணர்வும் போய்விட்டது. கண்ணாலேயே பார்த்துப் பார்த்து எழுந்து நடக்கக் கற்றுக்கொண்டார். விளக்கு அணைந்தால் விழுந்துவிடுவாராம். கண்ணை மூடினாலும் நம் கை எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரிகிறதே, அது எவ்வளவு பெரிய சொத்து!

இனிமேல் சொல்லப் போவதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்த விஷயம்.

போன வருஷம் ஆடி மாதத்திலிருந்து ஆயாவின் கூடையில் உடைசல் கூடிக்கொண்டே வந்தது. கொட்டை கொடுக்கிற இடத்தில், “கெழவிக்குக் கை தளந்துபோச்சு, இனிமே மூட்டை குடுக்க முடியாது” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆயா அன்றைக்குச் சாப்பிடவில்லை. “வயசாயிடுச்சு, உட்காந்து சாப்புடேன், யார் வேணாங்கறாங்க?” என்று அப்பா சமாதானம் சொன்னார். வேலை இல்லாமல் உட்காருவது ஆயாவுக்குச் சமாதானம் ஆகுமா?

எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். கை தளர்ந்தால் சொம்பு தூக்கும்போது நடுங்க வேண்டுமே, ஊசியில் கோர்த்த பிறகு பூத் தொடுக்கும்போது தடுமாற வேண்டுமே. அதெல்லாம் இல்லை. ஒரு பலகைமேல் வெள்ளைத் தாள், அதன்மேல் கார்பன் பேப்பர் வைத்தேன். கார்பன் முதுகில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு பெருக்கல் குறி. குறிக்கு இரண்டு விரற்கடை தள்ளி ஒரு புளியங்கொட்டையைப் பசை போட்டு ஒட்டினேன். உருண்டைத் தலை உள்ள சின்னச் சுத்தியை ஆயா கையில் கொடுத்து, “ஆயா, இடது கையை மடியிலயே வெச்சுக்கிட்டு, பாத்துப் பாத்து இருபது அடி அடி” என்றேன். பிறகு தாளை மாற்றி, “கண்ண மூடிக்கோ, இந்தப் புளியங்கொட்டைய தொட்டுக்கிட்டு அடி” என்றேன். “உனக்கு வேற வேலை இல்ல” என்று முனகிக்கொண்டே அடித்தார்.

கார்பனை எடுத்துப் பார்த்தேன். கண்ணைத் திறந்துகொண்டு அடித்த புள்ளிகள் டம்ளர் வாய் அளவுக்குச் சிதறியிருந்தன, பாதிக்கு மேல் குறிக்கு ஒரே பக்கமாக. கண்ணை மூடி, தொட்டுக்கொண்டு அடித்த புள்ளிகள் ஏறக்குறைய எல்லாமே ஒரு ரூபாய்க் காசுக்குள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது! (நானும் அடித்துப் பார்த்தேன். எனக்குத் தலைகீழ். கண் திறந்தால் டம்ளர் வாய், மூடினால் தாள் பூராவும்.)

கை தளரவே இல்லை. கண்தான் பொய்த் தகவல் சொல்லிக்கொண்டிருக்கிறது. மங்கின கண்ணால் கொட்டையின் விளிம்பு தெரியாமல், ஆயா குனிந்து குனிந்து பார்த்து, விரல் சொல்வதை விட்டுவிட்டுக் கண் சொல்வதை நம்பி அடித்திருக்கிறார். இரண்டு தாளையும் அப்பாவிடம் காட்டினேன். அப்பா ரொம்ப நேரம் ஒன்றும் பேசாமல் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் பக்கத்து ஊரில் நடந்த இலவசக் கண் முகாமுக்கு ஆயாவைக் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணுக்குப் புதுச்சேரியில் ஆபரேஷன் செய்து லென்ஸ் வைத்தார்கள்.

கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்த ஆயா முதலில் சொன்னது, “ஏண்டி, செவுரு இவ்ளோ அழுக்காவா இருக்குது?” என்பதுதான். ஆனால் டீயை ஊற்றினால் டம்ளருக்குப் பக்கத்தில் விழுந்தது. தட்டை வாங்கக் கை நீட்டினால் சற்றுத் தள்ளிப் போனது. ஆயா பயந்துவிட்டார். ஒரு கண் தெளிவு, ஒரு கண் மங்கல். தூரத்தைக் கணிப்பது இரண்டு கண்ணும் சேர்ந்து செய்கிற வேலையாயிற்றே! நாலைந்து நாளில் தானாகச் சரியாகிவிட்டது.

ஜெர்மனியில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற அறிஞர் 19-ஆம் நூற்றாண்டிலேயே இதற்குக் கிட்டத்தட்ட ஒரு சோதனை செய்திருக்கிறார். நம் லேபில் இருக்கிற முப்பட்டகம் மாதிரிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டால் எல்லாம் ஒரு பக்கமாக நகர்ந்து தெரியும். தொடப்போனால் கை தள்ளிப் போகும். கொஞ்ச நேரம் தொட்டுத் தொட்டுப் பழகினால் சரியாகிவிடும். கண்ணாடியைக் கழற்றினால்தான் வேடிக்கை, இப்போது கை எதிர்ப் பக்கம் தள்ளிப் போகும்! பிறகு அதுவும் சரியாகும். ஆயாவுக்கு நடந்தது அச்சாக இதேதான் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கண் மாறினால் கை புதிதாகக் கணக்குப் போட வேண்டியிருக்கிறது என்பதும், 70 வயதுக்கு மேலான கையும் அந்தக் கணக்கைப் போட்டுவிடுகிறது என்பதும் எங்கள் வீட்டில் கண்ணெதிரே நடந்தது.

டாக்டர் சொன்ன நாள்கள் முடியும் வரை ஆயாவை அம்மா கல்லுக்குப் பக்கத்திலேயே விடவில்லை. தூசியும் எண்ணெயும் கண்ணில் படக்கூடாதாம். பிறகு வேறொரு இடத்திலிருந்து அரை மூட்டை வாங்கி வந்தோம். முதல் நாள் கொஞ்சம் உடைசல். அடுத்த வாரத்தில் பழைய கணக்கு வந்துவிட்டது. இப்போது பாதி நேரம் ஆயா கொட்டையைக்கூடப் பார்ப்பதில்லை, டி.வி.யைத்தான் பார்க்கிறார். பார்வை வந்ததும் சீரியலில் நடிக்கிறவர்களின் சேலைக் கரை எல்லாம் தெரிகிறதாம்!

இடது கண்ணுக்குத் தை மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள். கார்பன் பேப்பர் இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு தாள், கட்டுப் பிரித்து நாலு வாரம் கழித்து ஒரு தாள். ஆயாவிடம் இன்னும் கேட்கவில்லை. “உனக்கு வேற வேலை இல்ல” என்றுதான் சொல்லும், ஆனால் சுத்தியை வாங்கிக்கொள்ளும்.